விளையாடுகிற பிள்ளையின் தட்டில் நுண்சத்துகள்: ஓர் எளிய அறிமுகம்

காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்துக்கு வருகிற பிள்ளைகளின் வயிற்றில் பெரும்பாலும் ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான் இருக்கும். ஓடி முடித்து வீட்டுக்குப் போய் நாலு இட்லி, கூடவே இன்னொரு டீ, அப்புறம் பள்ளிக்கூடம். பதினாறு வயதில் நானும் அப்படித்தான் 800 மீட்டர் ஓடினேன். பத்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில் என் நேரம் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது. பதினோராம் வகுப்பில் அதே நேரம் ஏற ஆரம்பித்தது. முதல் சுற்று சரியாகப் போகும். இரண்டாவது சுற்றில் 500 மீட்டரைத் தாண்டியதும் தொடை இரண்டும் கல்லாகிவிடும். பயிற்சியாளர் "உனக்கு மனசு இங்க இல்ல" என்றார். வீட்டில் படிப்புச் சுமை என்றார்கள். நானும் எனக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றே நம்பினேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காய்ச்சலுக்காக ரத்தம் எடுத்தபோதுதான் ஹீமோகுளோபின் 9.8 என்று தெரிந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே அது ரத்தசோகை.

விளையாட்டுக்கான உணவு என்றாலே நம் ஊரில் பேச்சு முட்டை, வாழைப்பழம், புரதப் பவுடர் என்று போய்விடுகிறது. அவை தேவைதான். ஆனால் அன்று எனக்குக் குறைந்தது அவற்றில் எதுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி மூன்று வகை: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. சோறு, பருப்பு, எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை கிராம் கணக்கில், நூற்றுக்கணக்கான கிராம் கணக்கில் தேவை. உடலுக்குச் சக்தி இவற்றில் இருந்துதான் வருகிறது. இவற்றோடு வைட்டமின்களும் தாது உப்புகளும் தேவை. இவை மில்லிகிராமில், சில சமயம் மைக்ரோகிராமில் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவில் தேவைப்படுவதால்தான் இவற்றுக்கு நுண்சத்து என்று பெயர்.

நுண்சத்துகள் நேரடியாகச் சக்தி தருவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விறகடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகை எவ்வளவு அடுக்கினாலும் காற்று போகாவிட்டால் புகைதான் வரும். அதற்காகத்தான் பாட்டி ஊதுகுழலைப் பக்கத்தில் வைத்திருப்பார். சோறும் முட்டையும் விறகு, நுண்சத்து ஊதுகுழல். விளையாடுகிறவரின் அடுப்பு மற்றவர்களுடையதைவிட வேகமாக எரிகிறது. ஆகவே ஊதுகுழல் அடைத்துக்கொண்டால் முதலில் தெரிவதும் அவரிடம்தான்.

இந்த உண்மை தெரியவந்ததே அரிசியால்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜாவாவில் வேலை பார்த்த கிறிஸ்டியான் எய்க்மேன் என்ற டச்சு மருத்துவர், பட்டை தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும் தவிட்டோடு அரிசி கிடைத்ததும் தேறி எழுவதையும் கவனித்தார். மனிதர்களுக்கு வந்த பெரிபெரி நோயும் அதே மாதிரிதான் இருந்தது. தவிட்டில் இருந்த பொருள் பின்னாளில் பி1 வைட்டமின், அதாவது தயமின், என்று அறியப்பட்டது. 1912-இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரைக் கொடுத்தார். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரியை ஆராய ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கிய இடம் நம் நீலகிரியின் குன்னூர். அதுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியர்கள் எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

மாவுச்சத்தைச் சக்தியாக மாற்றும் வேலைக்குத் தயமின் கட்டாயம் வேண்டும். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடும். அதனால் புழுங்கல் அரிசி பச்சரிசியைவிட இந்த விஷயத்தில் மேல். இட்லிக்குப் புழுங்கல் அரிசி போடும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அளவில் ஓர் அனுகூலம் இருக்கிறது.

சரி, இரும்புக்கு வருவோம். விளையாடுகிறவர்களுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, இதைவிட முக்கியமான நுண்சத்து இல்லை என்பது என் எண்ணம். வளர்ந்த ஒரு மனித உடலில் உள்ள மொத்த இரும்பும் சுமார் 3 முதல் 4 கிராம்தான், ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. நுரையீரலில் இருந்து ஆக்சிஜனை ஏற்றித் தசைக்குக் கொண்டுபோய் இறக்குவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் தசைக்கு ஆக்சிஜன் குறையும். 100 மீட்டர் ஓடுகிறவருக்குச் சில நொடிகளில் ஓட்டம் முடிந்துவிடும், அதனால் அவ்வளவாகத் தெரியாது. 800, 1500, 5000 மீட்டர் ஓடுகிறவருக்கும், விடாமல் ஓடவேண்டிய கால்பந்து, ஹாக்கி ஆட்டக்காரருக்கும் அது உடனே தெரியும்.

2019-21-இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஒரு மகளிர் அணி மைதானத்தில் இறங்கும்போது இந்த எண்ணை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும், விளையாடுகிறவரிடம் இருந்து இரும்பு கசிகிற வழிகள் கூடுதல். மாதவிடாயில் போகிறது. வியர்வையில் கொஞ்சம் போகிறது. கெட்டித் தரையில் பாதம் திரும்பத் திரும்ப இடிபடும்போது பாத ரத்தக் குழாய்களில் சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்குக் குடலிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியலாம். இது போதாதென்று, கடுமையான பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உடலில் ஏறுகிறது. குடல் இரும்பை உள்ளே எடுக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை.

நான் அன்று தெரிந்துகொள்ளாத இன்னொன்று: ஹீமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே சேமிப்பு கரைந்திருக்கும். வீட்டில் அரிசிப் பானை காலியான பிறகும் அன்றைய சோறு இலையில் இருக்குமே, அது போல. அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறது, எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்கள். ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கும். அந்தப் பிள்ளை பயிற்சியில் திணறிக்கொண்டேதான் இருக்கும்.

இரும்புக்கு என்ன சாப்பிடுவது என்று கேட்டால் முதலில் வருகிற பதில் பீட்ரூட். நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. 100 கிராம் பீட்ரூட்டில் இருப்பது சுமார் ஒரு மில்லிகிராம் இரும்புதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 மில்லிகிராம் வேண்டும். நம் சாப்பாட்டில் இருந்து இரும்பு குறைவாகவே உடலில் ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துப் போட்ட எண்கள் இவை. பீட்ரூட் நல்ல காய்தான், அதை நம்பி ரத்தசோகையை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இறைச்சியில் உள்ள இரும்பு எளிதாக உடலில் ஏறும். ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்), ரத்தப் பொரியல் எல்லாம் இதில் முதல் வரிசை. பிள்ளை பெற்றவளுக்கும் ரத்தம் குறைந்தவளுக்கும் சுவரொட்டி வாங்கிக் கொடுத்த நம் பழக்கத்துக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை போதும். கீரை, பயறு, சிறுதானியத்தில் உள்ள இரும்பு வேறு வகை. அது மெதுவாக, குறைவாக ஏறும். கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஏறும் அளவு பல மடங்கு மாறும்.

கூட்டுவது வைட்டமின் சி. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, கீரைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யா, தட்டில் ஒரு பெரிய நெல்லிக்காய். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 200 மில்லிகிராம் இருக்கும், ஆரஞ்சைவிட நான்கு மடங்கு. விலையும் குறைவு. சூட்டில் வைட்டமின் சி அழியும் என்பதால், அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழிகிற வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

குறைப்பது டீயும் காப்பியும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, தாவர உணவில் இருந்து ஏறும் இரும்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. என் நாலு இட்லிக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி இருந்திருந்தால் நிலைமை அந்த அளவுக்குப் போயிருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். யாரும் டீயை விட வேண்டாம். சாப்பாட்டை விட்டு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் போதும்.

தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும் இரும்பைப் பிடித்துவைக்கும். மாவு புளிக்கும்போதும் பயறு முளைவிடும்போதும் அது குறையும். இட்லி மாவை இரவு முழுக்கப் புளிக்க வைப்பதிலும் பயறை முளைகட்டிச் சுண்டல் செய்வதிலும் சுவையோடு இந்த லாபமும் இருக்கிறது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் புளிப்பு கொஞ்சம் இரும்பை இழுத்துக் குழம்பில் சேர்க்கும். ஒட்டாத சட்டி வந்த பிறகு அது நின்றுபோனது. பரண் மேல் பழைய இரும்புச் சட்டி இருந்தால் இறக்கிக் கொள்ளுங்கள்.

இந்த இரும்பு உணவைப் பயிற்சிக்கு முன்னாலோ, முடித்த அரை மணி நேரத்துக்குள்ளோ சாப்பிடுவது நல்லது. ஹெப்சிடின் ஏறுவதற்குள் குடல் வாங்கிக்கொள்ளும்.

இரும்புக்கு அடுத்து எலும்பு. கால்சியம், வைட்டமின் டி. எலும்பில் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் காலம் பெரும்பாலும் இருபதுகளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றலாம், பெரிதாகச் சேர்க்க முடியாது. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் ரத்தத்தில் அளவு குறையாமல் இருக்க உடல் எலும்பில் இருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாலேயே எலும்பு சரி என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, ஒரு டம்ளர் பாலில் சுமார் 240, 100 கிராம் முருங்கைக்கீரையில் 300க்கு மேல். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிறோம், அந்த முள்ளும் கால்சியம்தான். எள்ளுருண்டையையும் மறக்க வேண்டாம்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் வராமல் போனால், "விளையாடுறவங்களுக்கு அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அப்படி விடக் கூடாது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்று உடல் சொல்லும் செய்தி அது. அந்த நிலையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, எலும்பு மெலிகிறது, ஓடும்போது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நூல் போல விரிசல் விழுகிறது. 2014-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, விளையாட்டு வீரர்களின் இந்தச் சக்திப் பற்றாக்குறையைத் தனி நிலையாக விவரித்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும். எடை பார்க்கும் நாளுக்காகச் சோறு தண்ணீர் விட்டுக் காயும் கபடிப் பையன்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மொத்தச் சாப்பாடே குறைவாக இருக்கும்போது நுண்சத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. முதலில் தட்டு நிறைய வேண்டும்.

கால்சியத்தை உடலில் ஏற்ற வைட்டமின் டி தேவை. வெயில் காயும் நாட்டில் நமக்கு அது குறையுமா என்று கேட்பார்கள். குறைகிறது, பரவலாகவே குறைகிறது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் உச்சி வெயிலை ஒட்டிய நேரத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். நாம் பயிற்சி செய்வது விடியலிலும் அந்தியிலும். ஷட்டில், டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்கள் கூரைக்குள்ளேயே இருக்கிறார்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும் ஓரளவு உண்டு. எலும்பு வலி, அடிக்கடி விரிசல் என்றால் மருத்துவரிடம் சொல்லி அளவு பார்த்துவிடுவது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி12 விலங்கு உணவில் மட்டுமே இயல்பாகக் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பால், தயிர், மோர்தான் வழி. துத்தநாகம் காயம் ஆறவும் நோய் எதிர்ப்புக்கும், மக்னீசியம் தசை சுருங்கி விரியவும் வேண்டும். கொட்டை, பயறு, முழுத் தானியம் சாப்பிட்டால் இரண்டும் ஓரளவு வந்துவிடும். சோடியம் மட்டும் தனி. சித்திரை வெயிலில் விளையாடி முடித்த சட்டையில் வெள்ளைக் கோடுகள் பூத்திருந்தால் அது உடலில் இருந்து போன உப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்து விளையாடுகிறவர் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகலாம். உப்பு போட்ட மோர், நீராகாரம், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை ஜூஸ் இவற்றில் எதுவும் நல்லதுதான்.

இப்போது மாத்திரை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பிள்ளைகள் அதைத் தூக்கிப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். கறுப்பாகப் போவதில் பயமில்லை. பிரட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம், டீயோடும் பாலோடும் வேண்டாம். இதற்கு மேல் இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கூடுதல் இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது, அது தேங்கி ஈரலைக் கெடுக்கும். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டினால் உயிருக்கே ஆபத்து. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் தேங்குபவை. வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் நாள்தோறும் எடுத்தால், பயிற்சியால் தசைக்குள் நடக்க வேண்டிய மாற்றங்கள்கூட மட்டுப்படலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

இதோடு போட்டி ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு அபாயம். 2000-01-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் நிதியோடு ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம், 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருள்களைச் சோதித்தது. அவற்றில் 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவானவற்றில், லேபிளில் எழுதாத, தடை செய்யப்பட்ட ஹார்மோன் பொருள்கள் கலந்திருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் "தெரியாமல் சாப்பிட்டேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உடலுக்குள் என்ன போகிறது என்பதற்கு வீரரே பொறுப்பு.

எனக்கு மருத்துவர் மூன்று மாதத்துக்கு இரும்பு மாத்திரை கொடுத்தார். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் ஒரு வாரத்தில் எதுவும் மாறிவிடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா காலை டீயைப் பத்து மணிக்கு மாற்றினார். ஆறு மணிப் பயிற்சிக்கு முன் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ், முடித்து வந்ததும் முளைகட்டிய பயறில் எலுமிச்சை, ஒரு முட்டை, இட்லி. ஞாயிற்றுக்கிழமை ஈரல். மூன்றாவது மாதக் கடைசியில் இரண்டாவது சுற்றில் 500 மீட்டரைத் தாண்டியபோது கால் கனக்கவில்லை. 600 மீட்டரிலும் கனக்கவில்லை.

உங்கள் வீட்டிலோ அணியிலோ காரணம் தெரியாமல் பின்தங்கும் பிள்ளை இருந்தால், அடுத்த போட்டிக் காலம் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், சளி இருக்கும் நாளில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அது சரியான பிறகு எடுங்கள்.